பெங்களூரில் கால்நடை மருத்துவ மாணவர் வாழ்க்கை

"மாடு" என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் செல்வம் என்ற பொருளும் உண்டு என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். மாட்டையே செல்வமென மதித்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நாம், அச்செல்வத்தைக் காக்கும் கல்வியை மட்டும் சற்றுத் தாழ்வாகவே மதிக்கிறோம். "மாட்டு டாக்டர்" என்று சொல்லும்போது நம் உதட்டோரத்தில் ஓர் இளநகை தோன்றுகிறதன்றோ? தமிழகத்துக்கு வெளியே பிழைப்பை நாடிச் சென்று குடியேறியிருக்கும் நம்மவர் இல்லங்களில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் நாட்களில் எழும் வாக்குவாதங்களை நாம் நன்கு அறிவோம். மனித மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லையெனில் வேறு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகவே கால்நடை மருத்துவத்தின் பெயர் அடிபடும். இக்கல்வி உண்மையில் எத்தகையது, அதைப் பயிலும் மாணவர் எவ்வாறு வாழ்கின்றனர், அவர்களிடம் அக்கல்வி எதை எதிர்பார்க்கிறது என்பவற்றை, நாம் வாழும் பெங்களூர் நகரைக் கொண்டு இன்று சிறிது விளக்க முற்படுவோம்.

பெங்களூருக்கும் கால்நடை அறிவியலுக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு மேற்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரின் தட்பவெப்பம், குளிர்நாட்டுப் பசுவினங்களுக்கும் ஓரளவு ஒத்துப்போவது. 1809 முதல் இங்கே பெரிய படைமுகாம் ஒன்று இருந்தது; படையினருக்குப் பாலும் வெண்ணெயும் தேவைப்பட்டன. இச்சூழலில் 1923ஆம் ஆண்டு இந்திய அரசு கால்நடை வளர்ப்புக்கும் பால் பண்ணைத் தொழிலுக்குமான பயிற்சி நிலையம் ஒன்றை ஆடுகோடிப் பகுதியில் நிறுவிற்று. இந்நிலையத்தின் மாணவர் வரிசையில் எதிர்பாராத இருவரின் பெயர்கள் உள்ளன. 1927இல் நோய்வாய்ப்பட்டு ஓய்வுக்காக இங்கு வந்திருந்த காந்தியடிகள், மதன் மோகன் மாளவியாவுடன் இந்நிலையத்துக்குச் சென்று, பசு பராமரிப்பு முறைகளை ஒரு மாணவரைப் போலக் கற்றறிந்தார். வருகையாளர் ஏட்டில் தம்மைச் சபர்மதியைச் சேர்ந்த விவசாயி என்றே அவர் குறித்தார். பின்னர் 1940களின் நடுவில் மற்றோர் இளைஞர் வந்தார். சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்துவிட்டு, அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா செல்லுமுன் சில மாதங்கள் இங்கே பயிற்சி பெற்ற அவ்விளைஞர்தாம் வர்கீஸ் குரியன். பால் தொழிலில் அவருக்கு அப்போது பெரு விருப்பம் ஏதும் இருந்ததில்லை. எனினும் 1949இல் ஆனந்த் நகரை அடைந்தபின் அவர் ஆற்றிய பணியை நாடறியும். 1955இல் இந்நிலையத்தின் தலைமையகம் ஹரியானாவிலுள்ள கர்னாலுக்கு மாற்றப்பட்டது. பெங்களூர் நிலையம் தேசிய பால் பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டலக் கிளையாகத் தொடர்கிறது.

கால்நடை மருத்துவர்களை உருவாக்கும் கல்லூரியோ நகரின் வடபுறத்தில், பல்லாரிச் சாலையை ஒட்டிய ஹெப்பாளில் அமைந்துள்ளது. சென்னையில் 1903ஆம் ஆண்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1958இல் ஹெப்பாளில் மைசூர் மாநிலத்துக்கெனத் தனிக் கல்லூரி ஏற்பட்டது. 1964இல் தோன்றிய வேளாண் அறிவியல் பல்கலைக் கழகத்தின் அங்கமாக நெடுங்காலம் விளங்கிய அக்கல்லூரி, இப்போது பீதரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடகக் கால்நடை, விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. கல்லூரி எழுமுன்னரே, 1925 முதல் ஹெப்பாளில் ஊநீர் தயாரிக்கும் நிலையம் ஒன்று இயங்கி வந்தது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். அந்நோய் இந்தியாவில் இறுதியாக 1995இல் காணப்பட்டது. 2006இல் நம் நாடும், 2011இல் உலகம் முழுவதும் அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. மனிதரிடையே பெரியம்மை ஒழிந்தபின், மனித முயற்சியால் உலகினின்றே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. மாட்டு மருத்துவர்கள் செய்து முடித்த காரியம் இது என்பதை அந்த இளநகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி மாணவரிடம் வருவோம். கால்நடை மருத்துவம், கால்நடை வளர்ப்பு ஆகிய இரண்டையும் சேர்த்துப் பயிலும் பட்டப் படிப்பு 4½ ஆண்டு வகுப்புகளும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக 5½ ஆண்டு நீடிக்கிறது. மனித மருத்துவம் பயில்வோருக்கு உடல் ஒன்றே. இம்மாணவருக்கோ பசு, எருமை, ஆடு, செம்மறி, குதிரை, பன்றி, நாய், கோழி என உடல்கள் பல. குதிரைக்குப் பித்தப்பை இல்லை. கோழிக்குச் சிறுநீர்ப்பை இல்லை. பசுவின் உடல்வெப்பம் ஏறத்தாழ 101½ பாகை பாரன்ஹீட் என்றால் கோழிக்கு அது 107 வரை இருக்கும். ஒன்றுக்கு நலமென்பது மற்றொன்றுக்கு நோயாகும். இவ்வளவையும் நினைவில் இருத்திக்கொள்வதே முதலாண்டின் பெரும்பாடு. உடற்கூற்றுக் கூடத்தில் பார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். அந்நெடி உடையில் ஏறி, உடையிலிருந்து விடுதி அறைக்கும், அறையிலிருந்து உணவுக்கும் தொடர்வது போன்ற மயக்கத்தை முதல் சில வாரங்களில் உண்டாக்கும் என்று மாணவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். சைவ உணவுப் பழக்கமுடைய குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது கடுமையான சோதனையே. ஆயினும் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு சோதனையும் உண்டு. பண்ணைக்குப் பொழுது புலர்வதற்கு முன்னரே செல்ல வேண்டும். பால் கறத்தல், தொழுவத்தைக் கழுவுதல், தீவனம் நிறுத்தல், கன்றுக்குக் காது அடையாளம் இடுதல் முதலிய யாவற்றையும் தம் கையாலேயே செய்து பழக வேண்டும். குதிரை பின்னோக்கி உதைக்கும், பசுவோ பக்கவாட்டில் வளைத்து உதைக்கும் என்பதை ஏட்டில் படிப்பது வேறு; அந்த உதைக்குத் தப்பி நிற்பது வேறு. பிராணியின் அருகே செல்லும்போது குரல் கொடுத்துக்கொண்டே செல்ல வேண்டும் என்பதே இவர்கள் கற்கும் முதற் பாடம். நம் கிராமத்து மாட்டுச் சந்தையில் தரகர் மாட்டின் வாயைத் திறந்து, "இரண்டு பல்", "நாலு பல்" என்று வயது கணிப்பாரே, அக்கலையையும் இங்கே முறையாகக் கற்பிக்கின்றனர். ஏறத்தாழ இரண்டு வயதில் நிலைப்பல் இரண்டு முளைக்கும். எட்டும் நிறையும்போது மாட்டுக்கு நான்கு, ஐந்து வயதாகியிருக்கும். தாத்தா அறிந்திருந்ததைப் பேரன் பல்கலைக் கழகத்தில் கட்டணம் செலுத்திக் கற்கிறான் எனலாம்.

பெங்களூர் போன்ற பெருநகரில் பயிலும் மாணவர் கிராமத்து நோய்களோடு நகரத்து நோய்களையும் காண்கின்றனர். அசைபோடும் விலங்கின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. மேய்ந்ததை அவ்வளவாக மெல்லாமல் விழுங்கி, முதல் அறையில் நிரப்பிக்கொண்டு, பின்னர் ஓய்வாக மீட்டு மென்று தின்பது அதன் இயல்பு. பெரிய பசுவின் முதல் அறை நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். உதட்டால் பொறுக்கித் தின்னும் ஆடு வேண்டாததை ஒதுக்கும். நாவினால் வளைத்து வாரி உண்ணும் பசுவுக்கு அத்திறன் குறைவு. ஆகவே தெருவோரக் குப்பையில் எஞ்சிய உணவோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போகிறது. பை செரிப்பதில்லை, வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் திரண்டு பாறைபோல் இறுகிவிடுகிறது. வயிறு நிறைந்திருப்பதாகத் தோன்ற, பசு பட்டினியால் மெலிகிறது. ஆணியோ கம்பித்துண்டோ உள்ளே சென்றால், அது தேன்கூடு போன்ற சுவர்களையுடைய இரண்டாம் அறையில் தங்கும். அவ்வறைக்கு மிக அருகே இருப்பது இதயம். அறுவைக் கூடத்தில் பசுவின் இடப்புறம் திறக்கப்பட்டு, உள்ளிருந்து பைகளும் கயிறுகளும் கை கையாக எடுக்கப்படுவதை ஒருமுறை கண்ட மாணவர், பின்னர் எந்தப் பையையும் தெருவில் எறியமாட்டார்.

மாணவர் விடுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இக்கல்லூரிகளில் ஒரு பகுதி இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுவதால், பல மாநிலப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். ராகி முத்தையை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்ற நுட்பத்தைக் கன்னட நண்பர்களிடம் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வர். சாறு என்பது நம் ரசமே என்று அறிந்து ஆறுதல் அடைவர். ஆனால் உணவைக் காட்டிலும் முக்கியமானது மொழி. மருத்துவரிடம் மனித நோயாளி தன் துன்பத்தைத் தானே கூறுகிறான். மாடு கூறாது; மாட்டுக்காரரே கூறவேண்டும். அவர் கூறும் மொழி கன்னடம். ஆதலின் இங்கே கன்னடம் அறியாத மாணவர், எத்துணைப் புத்தகம் படித்திருந்தாலும், பாதி மருத்துவரே.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் இன்றைய கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பழங்கன்னடத்தில் அவையும் பகரமாகவே இருந்தன. இடைக்காலத்தில் இம்மாறுதல் நேர்ந்தது. பசு 'ஹசு' ஆயிற்று. பால் 'ஹாலு' ஆயிற்று. புல் 'ஹுல்லு', பல் 'ஹல்லு', பன்றி 'ஹந்தி'. இவ்வொரு விதியை அறிந்துகொண்டால் தொழுவத்துச் சொற்களில் பல ஒரே நாளில் கைவந்துவிடும். எருமை 'எம்மெ' என்றும், கோழி 'கோளி' என்றும் சிறிதளவே மாறி நிற்கின்றன. நம்மைப் போல மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது இன்பமான காட்சி. ஆனால் அத்தொழிலில் இருபதாண்டு உழன்ற அனுபவத்தால் ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். முற்றிலும் அயலான மொழியின் சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. தெரியாததைத் தெரியாதென்று உணர்ந்து அகராதியைத் திறக்கிறோம். உறவு மொழியின் சொல்லே, தெரிந்தது போல் முகங்காட்டி ஏமாற்றும்.

இதற்குச் சான்றாக, நம் அண்டை வீட்டுப் பெண்ணின் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். தமிழ்க் குடும்பத்துப் பெண். கால்நடை மருத்துவம் பயின்று இறுதிப் பயிற்சியில் இருந்தாள். ஒரு கிராமத்து மருந்தகத்தில் பயிற்சிக்கு அமர்ந்திருந்த காலையில், பெரியவர் ஒருவர் ஓடோடி வந்தார். "கரு ஹாகிதெ, ஹசு ஏளோதில்ல" என்றார். பசு எழவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. 'கரு' என்றதும் தமிழ் மனம் கருப்பையை எண்ணிற்று. பசு கருவைப் போட்டுவிட்டது என்று பொருள் கொண்டு, கருச்சிதைவு என்றே ஏட்டில் எழுதினாள். மாடுகளில் கருச்சிதைவு என்றால் புரூசெல்லோசிஸ் என்னும் தொற்று நோய் முதலில் ஐயத்துக்குரியது. அது மனிதரையும் பற்றும். எனவே, பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்று எச்சரித்தாள். பெரியவரின் முகம் வெளுத்தது. வீட்டில் கறவை மாடு அது ஒன்றே. அதன் பாலில்தான் குடும்பம் நடந்து வந்தது.

மூத்த மருத்துவர் அப்போது உள்ளே வந்தார். பெரியவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். உடனே பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கன்னடத்தில் 'கரு' என்றால் கன்று. 'கரு ஹாகிதெ' என்றால் கன்று ஈன்றிருக்கிறது என்பதே பொருள். கருச்சிதைவுக்கு அங்கே 'கந்து' என்னும் வேறு சொல் உண்டு. சென்று பார்த்தபோது, முந்தைய இரவு ஈன்ற கன்று நலமாக நின்றது. தாய்ப்பசுவோ தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தரையில் கிடந்தது, காதுகள் குளிர்ந்திருந்தன. அது பால் காய்ச்சல் என்னும் நோய். பெயரில் காய்ச்சல் இருப்பினும் உடலில் வெப்பம் உயர்வதில்லை, குறையவே செய்யும். நிறையப் பால் சுரக்கும் பசு ஈன்றவுடன், இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து விரைந்து பாலில் சென்றுவிடுவதால் தசைகள் வலுவிழக்கின்றன. சில மணி நேரம் தாமதித்தால் உயிர் போகும். மருத்துவர் கழுத்து நரம்பில் சுண்ணாம்புச் சத்து மருந்தை மெல்ல மெல்லச் செலுத்த, அப்பெண் பசுவின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். விரைந்து செலுத்தினால் அம்மருந்தே இதயத்தை நிறுத்திவிடும். புட்டி முடியுமுன் பசு ஏப்பமிட்டது. சற்று நேரத்தில் முன்காலை ஊன்றி எழுந்து நின்றது.

"மாமா, பசு பிழைத்துக்கொண்டது. ஆனால் அரைமணி நேரம் அந்தப் பெரியவர் பட்ட வேதனைக்கு நான்தானே காரணம்?" என்று அன்று மாலை அவள் நம்மிடம் கேட்டாள். நாமும் ஒரு காலத்தில் இவ்வாறே செய்ததுண்டு. கால்நடை நோய் பற்றிய அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கியபோது, கோமாரி என்று எழுதினால் எந்த உழவரும் அறிந்திருப்பார். நாமோ அதை விடுத்து, அகராதியைத் துழாவி நீண்ட சொற்றொடர் ஒன்றைப் படைத்து மகிழ்ந்தோம். அதைப் படித்து எவரும் மாட்டுக்கு ஊசி போட வந்திருக்கமாட்டார்கள். இதை அவளிடம் கூறி, "அம்மா, நம் இருவர் பிழையும் ஒன்றே. நீ அதை அரைமணியில் அறிந்தாய், நமக்கு ஆண்டுகள் ஆயின" என்றோம். மறுவாரமே அந்தப் பெரியவர் வீட்டுக்குத் தானே சென்று, கன்றைப் பார்த்து, செய்த தவறை ஒப்புக்கொண்டு வந்தாளாம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு செம்பு சீம்பால் கொடுத்தனுப்பினார்.

இக்கல்வியில் துயரமும் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. காப்பாற்ற முடியாத விலங்கின் வேதனையை முடிவுக்குக் கொண்டுவரும் ஊசியை என்றேனும் ஒருநாள் தம் கையால் போட வேண்டிவரும். மாட்டின் விலைக்கு மேல் சிகிச்சைச் செலவு ஆகுமெனில், உழவர் என்ன முடிவு செய்வார் என்பதையும் உடனிருந்து காண வேண்டிவரும். மனித மருத்துவர் இக்கணக்கை இவ்வளவு வெளிப்படையாக எதிர்கொள்வதில்லை. உடலுக்கு வரும் ஆபத்தும் உண்டு. வெறிநோய் கண்ட நாயையும், அந்நோய் கண்ட பசுவையும் கையாள நேருமாதலின், கடிபடுமுன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்வது இத்துறையினருக்கு இன்றியமையாதது. தம் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டானா என்று பெற்றோர் முதலாண்டிலேயே கேட்டறிய வேண்டும்.

பெண்கள் இத்துறைக்கு ஏற்றவர்களா என்று இன்னும் சிலர் ஐயுறுகின்றனர். 1952இல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற சக்குபாய் இராமச்சந்திரன், இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் எனப் போற்றப்படுகிறார். எழுபதாண்டுக்கு முன்னரே விடை கூறப்பட்ட கேள்வி அது. மாட்டை அடக்குவது தோள்வலிமையன்று. கயிற்றை எங்கே இடுவது என்னும் அறிவே.

நேயர்களுக்குப் பயன்படும் சில செய்திகளையும் கூறி முடிப்போம். அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. 'நீட்' தேர்வில் பெறும் இடத்தைக் கொண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கழகம் அவற்றை நிரப்புகிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகளே செல்லும். இத்தனை ஆண்டுகள் அம்மாநிலப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. இடம்விட்டு இடம் மாறிச்செல்லும் உத்தியோகத்திலுள்ள நம்மவர், பிள்ளையின் பள்ளிச் சான்றுகளை ஒன்றுவிடாமல் பாதுகாத்து வைப்பது நல்லது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவில் எம்மாநிலத்திலும் தொழில் செய்யலாம். அரசுத் துறை, கூட்டுறவுப் பால் ஒன்றியம், கோழிப்பண்ணை, தடுப்பூசி நிலையம், இராணுவத்தின் கால்நடைப் பிரிவு, நகரத்து நாய் மருத்துவமனை எனப் பணிகள் பலவகை.

ஆனால் பணியும் ஊதியமும் மட்டுமே கருதிப் பிள்ளையை இதற்கு அனுப்ப வேண்டாம். ஒருமுறை அழைத்துச் சென்று ஒரு தொழுவத்தில் நிற்க வையுங்கள். சாணத்தின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிறானா என்று பார்க்க வேண்டாம். முதல் நாள் எல்லோரும் பொத்துவர். நொண்டி நிற்கும் கன்றின் கால் பக்கம் அவன் பார்வை செல்கிறதா என்று பாருங்கள். செல்லுமாயின், மறுவார்த்தை பேசாது விண்ணப்பத்தை நிரப்புங்கள். அவன் செல்லும் மாநிலத்தின் மொழியில் ஒரு தொடக்க நூலையும் வாங்கிப் பெட்டியில் வையுங்கள். வாயில்லாச் சீவனுக்காகப் பேசவரும் எளிய மனிதரின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்தான் அவனுடைய மருத்துவம் தொடங்குகிறது.